பசிக்காத புலிகள்

புலிகளுக்குப் பசிக்கவில்லை என்று எல்லப்பா போனில் சொன்னபோது முனிலட்சுமிக்குச் சிரிப்புதான் வந்தது.

“ஏன் மாமா, அதுங்க உங்கிட்ட வந்து வயிறு ரொம்பிடுச்சின்னு சொல்லுச்சா?”

“நீயே வந்து பாரு. செம்பேன் மேலயே ஏறி நடந்து போவுது. பந்தியில உக்காந்துட்டு இலையத் தொடாம எழுந்து போற சம்பந்தி மாதிரி போவுது. குடைமொளகா எலையெல்லாம் வெளுத்துக்குனு வருது லட்சுமி. வெளையாடற நேரம் இல்ல இது.”

போனை வைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. யார் வீட்டில் கண்ணாடி உடைந்தாலும் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொள்கிற சுபாவம் அவளுக்கு. மாமா ஏதோ தப்புச் செய்திருப்பார் என்று ஒரு நிமிடம் நினைத்தாள். அடுத்த நிமிடமே, இல்லை, நான்தான் ஏதோ செய்திருக்கிறேன் என்று நினைத்தாள்.

ஓசூருக்குத் தெற்கே, சின்னகெம்பனூர்ப் பள்ளத்தாக்கில் புலி என்று சொன்னால் அப்போது யாருக்கும் காட்டு விலங்கு நினைவுக்கு வராது. ஒரு கடுகின்மேல் நாலைந்து ஏறி நிற்கலாம், அவ்வளவு சின்ன உயிர், எட்டுக் கால், இலைச் சாற்றைக் குடிக்கும் செம்பேனைப் பிடித்து உறிஞ்சித் தின்னும். பெயருக்கேற்ற வேட்டை. காகிதப் பொட்டலத்தில் தவிட்டோடு அடைத்து விற்பார்கள். செடிக்கு ஒரு பொட்டலம் தொங்கவிட்டால் அதுவே வெளியே வந்து மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

செம்பேனைக் கொல்ல மனிதர்கள் கண்டுபிடித்த மருந்துகளெல்லாம் ஒவ்வொன்றாகத் தோற்று, கடைசியில் செம்பேனைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கொல்லும் மருந்துகளே மிச்சமிருந்த காலம் அது. அவற்றில் கடைசியாக வந்தது வேர்மருந்து. சொட்டுநீரோடு வேரில் இறங்கினால் தண்டு, இலை, பூ, காய் எல்லாவற்றிலும் ஏறி நிற்கும். அது இல்லாமல் செடி நிற்காது. வெள்ளை ஈ வைரஸைக் கொண்டுவந்து இலையைச் சுருட்டிவிடும். அது இருந்தாலோ செம்பேனுக்குக் கொண்டாட்டம். மருந்தைக் குடித்து, உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொண்டு, சாவகாசமாக முட்டையிடும். ஆகவே வேர்மருந்தும் வேண்டும், அதைத் தாங்குகிற புலியும் வேண்டும்.

அந்தப் புலியைக் கொண்டுவந்தவள் முனிலட்சுமிதான்.

புலி வளர்ப்பகத்தில் அவள் உதவியாளராகச் சேர்ந்தபோது அங்கே வழக்கம் ஒன்று இருந்தது. மருந்து ஏறிய இலையைத் தட்டில் வைத்து, அதில் செம்பேனும் புலியும் விடுவார்கள். மறுநாள் பார்த்து, நடக்கிற புலிகளை மட்டும் மெல்லிய தூரிகையால் தொட்டு எடுத்து அடுத்த தலைமுறைக்குப் பெற்றோர் ஆக்குவார்கள். ஆனால் தட்டில் எல்லாமே செத்துக் கிடக்கும். தாகத்தில் செத்ததா, மருந்தில் செத்ததா என்றுகூடத் தெரியவில்லையே என்று அவளுக்கு உறுத்தியது. அதனால் தட்டின் ஓரத்தில் ஒரு பஞ்சு வைத்து, சர்க்கரையும் ஈஸ்டும் கரைத்த தண்ணீர் ஒரு சொட்டு விட்டாள். மறுநாள் சில புலிகள் நடந்தன. அவற்றின் பிள்ளைகளில் இன்னும் சில. தலைமுறைகள் போகப் போக, ஒரு தட்டில் ஒன்றுகூடச் சாகவில்லை. வளர்ப்பகத் தலைவர் ஜெயசீலன் சார் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். அந்தப் புலிக்கு அவள் பெயரின் முதல் எழுத்தையே வைத்தார்கள். இன்று நான்கு மாநிலங்களுக்குப் போவது அதுதான்.

சோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்று மாலைக் கல்லூரியில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்தச் சொட்டை அவள் ஒரு மாற்றமாகவே நினைக்கவில்லை. அது ஒரு தயவு.

*

எல்லப்பாவின் பாலிஹவுஸுக்குள் வெயில் பிளாஸ்டிக் கூரையில் வடிந்து இறங்கிக்கொண்டிருந்தது. எல்லப்பா வாசலிலேயே நின்றிருந்தார். அம்மாவின் தம்பி; அக்கா பாக்கியாவைக் கட்டிக்கொண்டவர். அதனால் முனிலட்சுமிக்கு இரண்டு பக்கத்திலும் மாமா. அவர் காலடியில் அவருடைய ஆறு வயது மகள் துளசி உட்கார்ந்து மணி கோத்துக்கொண்டிருந்தாள்.

“சித்தி, பாரு. நூறு கோத்துட்டன்.”

“நூறா? எண்ணத் தெரியுமாடி உனக்கு?”

“தெரியாது. ஆனா நூறு.”

எல்லப்பா மகளின் தலையைத் தடவினார். கவலைக்கு நடுவிலும் அவர் முகத்தில் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. “ஸ்கூல்ல ஆஸ்பத்திரிக்காரங்க வந்து ஊசியில நூல் கோக்கச் சொன்னாங்களாம். நம்ம தெருப் பசங்க ஒருத்தனுக்கும் கை நிக்கலை. இவ ஒருத்திதான் ஒரே தடவையில கோத்தா.”

பள்ளத்தாக்குப் பிள்ளைகளுக்குக் கை நடுங்குவது யாருக்கும் புதிதில்லை. சட்டைப் பித்தானை அம்மாக்கள்தான் போட்டுவிடுவார்கள். நோட்டில் எழுத்து அலை அலையாக இருக்கும். துளசியின் கை மட்டும் கல்லில் செதுக்கிய மாதிரி நிற்கும்.

“சாப்பிடறாளா?” என்று முனிலட்சுமி கேட்டாள்.

“எங்க? குளுக்கோஸ் தண்ணியும் கடையில வாங்கின பொறையும்தான். சோத்தைக் கண்டா ஓடறா. உங்க அக்கா அடிச்சிப் பாத்துட்டா, கெஞ்சிப் பாத்துட்டா. அத விடு, நீ உள்ள வா.”

அவள் ஒரு இலையைத் திருப்பிப் பூதக்கண்ணாடியை வைத்தாள். இலையின் அடியில் செம்பேன்கள் சந்தை கூட்டியிருந்தன. அவற்றுக்கு நடுவே அவளுடைய புலி, கண்ணாடித் துண்டுபோல வெளுத்து, நடந்துகொண்டிருந்தது. பனித்துளி மாதிரி ஒரு செம்பேன் முட்டை வழியில் கிடந்தது. புலி முன்காலால் அதைத் தொட்டது. வெந்நீரில் விரல் பட்டதுபோலச் சட்டென்று இழுத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பியது. அடுத்த இலை. அதற்கடுத்த செடி. எங்கும் இதே கதை.

“மாமா, வேற ஏதாவது மருந்து அடிச்சியா? உண்மையச் சொல்லு.”

எல்லப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“உன் பேச்சைக் கேட்டு ஃபாக்டரி வேலைய விட்டவன்டி நானு. லட்சுமி புலி பண்ணியிருக்கா, இனி பயமில்லன்னு ஊரெல்லாம் சொல்லிக்குனு திரிஞ்சவன். நான் போய் உன் புலிக்கு விஷம் வைப்பனா?”

“கோச்சிக்காத மாமா. தெரிஞ்சிக்கத்தான் கேட்டன்.”

“எத்தனி நாள் தாங்கும் சொல்லு. பூ எடுக்கிற நேரம். இந்தப் பள்ளத்துல இன்னும் கதவு சாத்தாம இருக்கிற பாலிஹவுஸ் நம்மளது ஒண்ணுதான்.”

அவள் சில இலைகளைச் செம்பேனோடு கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரே ஒரு விஷயம் மனதில் சுற்றியது. பழைய புலிகளின் வயிற்றில் ஒரு சிவப்புப் பொட்டு இருக்கும். தின்ற செம்பேனின் நிறம். அவளுடைய புலிகள் எப்போதும் வெள்ளை வெளேரென்றுதான் இருந்தன. அதை அவள் அழகு என்று நினைத்திருந்தாள்.

*

வளர்ப்பகத்தில் புலிகள் வளரும் தவிட்டுத் தட்டுகளைக் கவனிப்பவள் சபீனா. முனிலட்சுமிக்கு மூத்தவள், வாய் சும்மா இருக்காது. அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முனிலட்சுமி சோதனையைத் தொடங்கினாள். மருந்தே படாத அவரை இலை, அதில் மருந்தே குடிக்காத செம்பேன், நடுவில் புலிகள். பஞ்சு இல்லை, சொட்டு இல்லை.

புலிகள் தட்டின் ஓரமாகவே சுற்றிச் சுற்றி வந்தன. பஞ்சு இருந்த இடத்துக்குப் போய் நின்றன. செம்பேன்கள் அவற்றின் கால்களுக்கு இடையிலேயே புகுந்து போயின. மறுநாள் புலிகள் சுருண்டு கிடந்தன, செம்பேன்கள் பெருகியிருந்தன. அவள் நம்பவில்லை. மறுபடி செய்தாள். அதையும் நம்பாமல் இன்னொரு முறை செய்தாள். பக்கத்துத் தட்டில் சொட்டு வைத்துப் பார்த்தாள். அந்தத் தட்டில் புலிகள் பஞ்சைச் சுற்றி வரிசை கட்டி நின்று குடித்தன.

“ஏன்டி, சுத்தமான தீனிதான? அப்புறம் ஏன் தொடமாட்டேங்குது? தவிட்டுலயே வளர்ந்ததால பழக்கம் விட்டுப்போச்சா?” என்றாள் சபீனா.

“பழக்கம்னா மாத்திடலாம்க்கா.” முனிலட்சுமி கண்ணாடியிலிருந்து தலையை எடுக்கவில்லை. “தட்டுல மருந்து எங்க இருந்துச்சு? இலையில. இலையிலிருந்து செம்பேனுக்குள்ள. புலி இலையத் தின்னாது. அப்ப புலிக்கு மருந்து எப்படிப் போவும்?”

“செம்பேனைத் தின்னாத்தான் போவும்.”

“தின்னது செத்துச்சு. நிறைய தின்னது மொதல்ல செத்துச்சு. மறுநாள் காலையில நடந்தது எது? சர்க்கரையக் குடிச்சிட்டு ஓரமா உக்காந்திருந்தது. அதைத்தான் நாம பொறுக்கிப் பொறுக்கி எடுத்தோம். மருந்தைத் தாங்குதுன்னு நெனச்சோம். மருந்தை அது தொடவே இல்லக்கா. தலைமுறை தலைமுறையா, பசி கம்மியா இருக்கிறதையே பாத்து எடுத்திருக்கன்.”

“அப்ப நாம புலி வளர்க்கலை. நோன்பாளிங்களை வளர்த்திருக்கோம்னு சொல்லு.” சபீனா சிரிக்கத் தொடங்கி, முனிலட்சுமியின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினாள். “சரி விடு. பழைய புலி இருக்கும்ல?”

“எங்க இருக்கு?”

சபீனாவுக்கே நினைவு வந்தது. மெலிந்த ரகம், புது ரகத்தோடு கலந்துவிட்டால் கெடுத்துவிடும் என்று பழைய தட்டுகளையெல்லாம் ஸ்பிரிட்டில் கொட்டச் சொன்னவள் முனிலட்சுமி, கொட்டியவள் சபீனா. மற்ற ஊர் வளர்ப்பகங்களும் அதே ஆண்டில் தங்கள் பழைய ரகத்தைக் கொட்டிவிட்டு இவர்களிடம்தான் வாங்கின.

“ஆமணக்குல இருக்கும்” என்றாள் சபீனா திடீரென்று. “நம்ம காலத்துக்கு முன்னாடி சார் அங்கதான் பிடிச்சிட்டு வந்தாராம்.”

பள்ளத்தாக்கில் ஆமணக்குச் செடி எங்கே மிச்சம் இருக்கிறது என்று இருவரும் அலைந்தார்கள். வேலியோரத்துச் செடிகளில் வேர்மருந்துத் தண்ணீர் ஏறியிருந்தது. இலைகளில் செம்பேன் மட்டும் இருந்தது, புலி இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கறிக்கடைச் சாக்கடை ஓரத்தில், யாரும் விதைக்காத ஒரு ஆமணக்குப் புதர் நின்றது. ஆட்டு ரத்தமும் ஈயும் நாற்றமுமான இடம். கறிக்கடைக்காரர் கத்தியோடு எட்டிப் பார்த்து, “இன்னாம்மா தேடறீங்க, தோடு கீடு விழுந்துடுச்சா?” என்று கேட்டார்.

“புலி தேடறோம் அண்ணே” என்றாள் சபீனா.

“கடிக்காம பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

இலை இலையாகத் திருப்பி, நரம்புகள் பிரியும் மூலையில் ஒன்றே ஒன்று கிடைத்தது. வயிற்றில் சிவப்புப் பொட்டு.

கண்ணாடிக் குப்பியில் அதைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டு முனிலட்சுமி கணக்குப் போட்டாள். சுத்தமான செம்பேன் கொடுத்தால் இது பிழைக்கும். கருவுற்றதாக இருந்தால் வம்சமும் பெருகும்.

“வளர்த்து எங்கடி விடப்போற?” சபீனா மெல்லக் கேட்டாள். “சுத்தமான செடி எங்க இருக்கு?”

அதுதான் கேள்வி. அவள் எல்லப்பாவின் பாலிஹவுஸிலிருந்து கொண்டுவந்த இலையைத் தட்டில் வைத்தாள். தூரிகையால் புலியை எடுத்து அதன்மேல் விட்டாள்.

விட்ட கணமே அது ஓடியது. முன்கால்களைக் காற்றில் நீட்டி மோப்பம் பிடித்தது. செம்பேன்கள் பின்னியிருந்த வலையைக் கிழித்துக்கொண்டு போய் ஒரு செம்பேனின் முதுகில் விழுந்தது. அது உறிஞ்ச உறிஞ்சச் செம்பேன் காலியான பலூனைப்போலச் சுருங்கியது. அதை உதறிவிட்டு அடுத்தது. அதற்கு அடுத்தது. நடுவில் மூச்சு வாங்கியதாகக்கூடத் தெரியவில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படியொரு வேட்டையைப் பார்த்ததில்லை. சபீனா, “யா அல்லா, இதுதான்டி புலி!” என்று கையைத் தட்டினாள்.

புலியின் உடம்பு முழுவதும் சிவந்தது. ஆறாவது செம்பேனின்மேல் ஏறியபோது பின்கால் ஒன்று இழுத்துக்கொண்டது. விடவில்லை, தின்றது. பிறகு எல்லாக் கால்களும் நடுங்கத் தொடங்கின. வாயை இரையிலிருந்து எடுக்காமலேயே செத்தது.

சபீனா தட்டை மூடினாள். 

*

ஜெயசீலன் சார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஊர் ஊராகச் செடி பார்த்தே முடி நரைத்தவர்.

“நீ சொல்றது சரியாத்தான் இருக்கும்” என்றார். “எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. ஆனா வாங்கறவங்க எதைப் பாக்கறாங்க? பொட்டலத்தைப் பிரிச்சா புலி நடக்குதா. செடியில விட்டு ஒரு வாரம் கழிச்சும் நடக்குதா. நடக்குது. அவ்வளவுதான் அவங்க சோதனை.”

“நடக்குது சார். வேற ஒண்ணும் செய்யாது. நாலு மாநிலத்துலயும் செடி போயிடும். நிறுத்திடலாம் சார்.”

“நிறுத்திட்டு எதைக் கொடுக்கறது? உன் ஆமணக்குப் புலியையா?”

அவள் தலை குனிந்தாள்.

“தின்னா சாவுது, தின்னலைன்னா பயனில்லை. மூணாவதா ஒண்ணு இருந்தாச் சொல்லு, நாளைக்கே நிறுத்தறேன்.” சார் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவளைத் தேற்ற வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். குரல் கொஞ்சம் கனிந்தது. “உன் முறையே தப்புன்னு நினைக்காதே. போன வாரம் சுகாதாரத் துறையிலிருந்து வந்திருந்தாங்க. நாம எப்படிப் பொறுக்கி எடுக்கறோம்னு விவரமாக் கேட்டாங்க. உன் பேரையும் சொன்னேன்.”

“அவங்களுக்கு எதுக்கு சார் புலி?”

“புலிக்கு இல்லை. இங்க ஸ்கூல்ல பிள்ளைங்களுக்கு ஊசி நூல் கொடுத்துப் பார்த்தாங்களாமே. பெரும்பாலான பிள்ளைங்களுக்குக் கை நடுக்கம். ஆனா சில பிள்ளைங்களுக்கு நடுக்கமே இல்லை, ரத்தத்துலகூட மருந்து ரொம்பக் குறைவு. ஆக, உடம்பு மருந்தைத் தாங்கக் கத்துக்குது. அடுத்த தலைமுறை இன்னும் தாங்கும். அதை வெச்சு, காய்கறியிலயும் தண்ணியிலயும் இவ்வளவுதான் இருக்கலாம்னு இருக்கிற அளவைக் கொஞ்சம் உயர்த்தலாம்னு எழுதறாங்க. நமக்கும் நல்லதுதான். இன்னும் கொஞ்சம் அழுத்தமா வேர்மருந்து விடலாம்.”

முனிலட்சுமிக்குத் துளசியின் குளுக்கோஸ் தண்ணீர் நினைவுக்கு வந்தது.

“சார், அந்தப் பிள்ளைங்க என்ன சாப்பிடறாங்கன்னு கேட்டாங்களா?”

“அதெதுக்கு?”

“கேட்டாங்களா சார்?”

“நடுங்காத பிள்ளைங்களைத் தனியா எடுத்தாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க.” சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை உற்றுப் பார்த்தார். மெல்ல மெல்ல அவர் முகம் மாறியது. அவருக்கும் புரிந்துவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “போன வாரமே எழுதி முடிச்சிட்டாங்கம்மா” என்றார்.

*

அக்கா வீட்டுக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது. பாலிஹவுஸ் வாசலில் பிடுங்கிப் போட்ட குடைமிளகாய்ச் செடிகள் குவிந்து கிடந்தன. எல்லப்பா அவற்றின் பக்கத்தில் குந்தி, ஒரு செடியிலிருந்து இன்னும் தொங்கிய புலிப் பொட்டலத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்தார். அவள் முகமே சொல்லியிருக்கும்.

“நாளைக்கு பெங்களூர் போறன்” என்றார். “ஏதோ அபார்ட்மென்ட்ல கேட்ல நிக்க ஆள் வேணுமாம். நீ உள்ள போ. பாப்பாவுக்கு ஒடம்பு சரியில்ல.”

உள்ளே பாக்கியா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். துளசி சுவரோரம் பாயில் சாய்ந்திருந்தாள். காலையில் பள்ளியில் வரிசையில் நின்றபோதே மயங்கி விழுந்திருக்கிறாள். டாக்டர் திட்டியனுப்பியிருக்கிறார்: உடம்பில் ஒன்றுமே இல்லை, இன்னும் சர்க்கரைத் தண்ணீரிலேயே விட்டால் பிள்ளை தங்காது, சோறு காய்கறி கொடுத்தே தீர வேண்டும்.

“நீயாவது ஊட்டுடி. நீ சொன்னா கேப்பா” என்று பாக்கியா தட்டை நீட்டினாள். “காலையில அவங்கப்பா பறிச்ச கடைசி காய். நெய் விட்டு வதக்கியிருக்கன்.”

“அக்கா, வேற ஏதாவது...”

“வேற இன்னா இருக்குது? எல்லாம் இங்க வெளைஞ்சதுதான. ரேஷன் அரிசியும் இந்தப் பக்கத்துதான். தண்ணியும்தான். வேற எங்கருந்து கொண்டு வருவன், சொல்லு.”

 காயில் இருப்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது என்று முனிலட்சுமிக்குத் தோன்றியது. எந்தச் சொல்லில் தொடங்குவது என்று தேடிக்கொண்டே பாயில் உட்கார்ந்து தட்டை வாங்கினாள். துளசியின் முகம் கண்ணாடித் துண்டுபோல வெளுத்திருந்தது. மடியில் அந்த மணிச்சரம். மெலிந்த விரல்கள் அதைப் பிடித்திருந்தன, கொஞ்சமும் நடுங்காமல்.

முனிலட்சுமி சோற்றைப் பிசைந்தாள். ஒரு சின்ன உருண்டை உருட்டினாள். கை பாதி வழியில் நின்றது. பின்னால் அக்காவின் விசும்பல். வெளியே மாமா செடிகளை இழுத்துப் போடும் சத்தம்.

“வேணாம்னா வேணாம்டி கண்ணு” என்றாள் அவள், குழந்தைக்கு மட்டும் கேட்கும்படி.

துளசி அந்த உருண்டையைப் பார்த்தாள். மூக்கைச் சுளிக்கவில்லை; ஓடவில்லை. நெய்யில் குடைமிளகாய் வதங்கிய வாசனையை ஒருமுறை இழுத்து மோந்தாள்.

“பசிக்குது சித்தி” என்றாள்.

வாயைப் பெரிதாகத் திறந்தாள்.